உறவினர் பதிவேட்டில் நான்காவது வரி

விசா ஸ்டிக்கர்கள் இருந்த பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று மேலாளரிடம், இன்னொன்று மூத்த குமாஸ்தாவிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. அச்சு மங்கி வீணானவற்றைக்கூடத் துளையிட்டு, காரணம் எழுதி, தனி உறையில் போட்டு வைத்திருந்தார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்தே பழகிய தணிக்கைக்காரி நான். எங்கள் நாட்டுக்கு விசா கொடுக்கும் அலுவலகங்கள் எந்தெந்த ஊரில் இருக்கின்றனவோ, அங்கெல்லாம் போய்க் குடைந்திருக்கிறேன். இங்கே ஒவ்வொரு பருக்கையையும் எண்ணி வைத்திருந்தார்கள். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் மூத்த குமாஸ்தாவின் கைவேலை. உள்ளூர்க்காரர், பத்தொன்பது வருட சர்வீஸ். என் அறிக்கை சுத்தமாக வந்தால் அடுத்த மாதம் அவருக்குப் பதவி உயர்வு. பதிவேட்டில் ஒரு பொய் அகப்பட்டாலும் வேலையே போய்விடும்.

அவரோ, நான் கேட்பதற்கு முன்பே அடுத்த கோப்பை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியாக உறவினர் பதிவேடு.

விண்ணப்பிப்பவர் சொந்தக்காரர் என்றால் ஊழியர் அந்தக் கோப்பைத் தொடக்கூடாது. அவரைப் பற்றித் தெரிந்ததை மறைக்காமல் இதில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மேலாளர் அதைப் படித்துவிட்டுத்தான் முடிவெடுப்பார். மற்ற அலுவலகங்களில் இந்தப் பதிவேட்டில் தூசிதான் இருக்கும்.

இங்கே குமாஸ்தாவின் குண்டு குண்டான கையெழுத்தில் நான்கு வரிகள். நான்கிலும் உறவு என்ற இடத்தில் ‘மனைவி’.

முதல் மூன்றும் வருடத்துக்கு ஒன்றாக, ஒரே வாசகம்: ‘போனால் திரும்பி வரமாட்டார்.’ மூன்று முறையும் விசா மறுக்கப்பட்டிருந்தது.

கட்டிய மனைவி விஷயத்தில்கூட உள்ளதை உள்ளபடி எழுதுகிற மனிதரா என்று மலைத்துப்போனேன்.

நான்காவது வரி போன வாரம் எழுதியது: ‘நிச்சயம் திரும்பி வந்துவிடுவார்.’ விசா கிடைத்திருந்தது.

அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

“இதுல எது பொய்?”

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குரல் மட்டும் பிசிறவில்லை.

“நாலாவதுதான் மேடம். அவ போகட்டும். நீங்க எழுதிடுங்க, எனக்காக விட்டுடாதீங்க. ஆனா மூணு மணிக்கு மேல எழுதுங்க. ரெண்டே முக்காலுக்குத்தான் அவ ஃபிளைட்டு.”

மணி ஒன்றரை ஆகியிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன் என்று எழுந்தேன். அன்றைக்குப் போல அவ்வளவு மெதுவாக நான் சாப்பிட்டதே இல்லை.