முந்திரிக்கொட்டை

கேள்வி கேட்டது நாடக இயக்குநர். கேட்டது இசையமைப்பாளரிடம். நடுவில் வாயைத் திறந்ததோ மாணவி.

டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்த இசையமைப்பாளரின் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஏற்கெனவே கொதித்துப்போய் இருந்தாள். கணவரோடு விடுமுறைக்குப் போன இடத்தில் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. திரும்பும்போதுதான் மனுஷன் மாறிப்போனார். டாக்ஸியில் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் பாட்டுக்கு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

சுவரிடம் பேசினால் எதிரொலியாவது வரும் என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. கொண்டுபோன பெட்டிகள்கூடப் பிரிக்காமல் ஹாலில் கிடந்தன.

அந்தப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் இன்று இயக்குநரை உட்காரவைத்திருந்தார்கள். புது நாடகத்துக்குப் பாட்டுகள். வெகுநாள் கழித்து வந்த பெரிய வாய்ப்பு. பாடிக் காட்டத்தான் இசையமைப்பாளர் தன் மூத்த மாணவியை வரச் சொல்லியிருந்தார்.

பாடினோமா, போனோமா என்று இல்லை அவள். இயக்குநர் வாயெடுத்தால் போதும், நடுவில் விழுந்தாள்.

“சார், ரெண்டாவது சரணம் நீளமா இருக்காம். குறைக்கலாமான்னு கேக்கறாங்க.”

இசையமைப்பாளர் குறைக்கலாம் என்றார். கதாநாயகிக்கு அவ்வளவு மேலே குரல் எட்டாதே என்று இயக்குநர் இழுத்தார். மாணவி குனிந்து, அதையும் அவரிடம் உரக்க ஒப்பித்தாள்.

இயக்குநர் சிரித்துவிட்டார். இங்கே குரு யார், சிஷ்யை யார் என்று கேட்டார்.

இசையமைப்பாளர் சிரிக்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. கண் மாணவியின் முகத்தைவிட்டு நகரவே இல்லை. கட்டின பெண்டாட்டி பேச்சு காதில் ஏறவில்லை, இவள் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று மனைவிக்கு வயிறு எரிந்தது.

எப்படியோ காரியம் பலித்தது. அடுத்த வாரமே ஒத்திகையை ஆரம்பிக்கலாம் என்று இயக்குநர் எழுந்தார். இசையமைப்பாளர் அவரை வழியனுப்பத் தெருவுக்குப் போனார்.

மனைவி மாணவியைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“பாட்டு கத்துக்க வர்றியா, இந்த வீட்டை நடத்த வர்றியா? அவரை வாய் திறக்க விட்டியா நீ? முந்திரிக்கொட்டை மாதிரி எல்லாத்துக்கும் முன்னால வந்து நிக்கறே. வந்தவர் அவரைப் பத்தி என்ன நினைச்சிருப்பார்?”

மாணவி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“தப்புதான் அக்கா. எனக்கு வேற வழி தெரியலை. அந்த டைரக்டர் போய் சாருக்கு இடது பக்கமா உக்காந்துட்டாங்க.”

“உக்காந்தா என்ன?”

“அந்தக் காதுதான் சாருக்குச் சுத்தமா கேக்கலையே. காலையில கீபோர்டு மேல வலது காதைச் சாய்ச்சுச் சாய்ச்சு வாசிச்சாரு. அப்பவே புரிஞ்சுபோச்சு. என்கிட்ட அதைப் பத்தி மூச்சு விடலை. பாவம், வெளியில தெரிஞ்சா யாரு பாட்டு குடுப்பாங்கன்னு பயந்திருப்பாரு.”

மனைவி ஹாலில் கிடந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

மாணவி குழப்பத்தோடு அவள் முகத்தைப் பார்த்தாள்.

“கூடவே போயிட்டு வந்தீங்களே அக்கா... உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுல்ல நினைச்சேன்.”