முப்பது அறைகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசன் தொடங்கும் முதல் சனிக்கிழமை, வாரம் ஓர் ஊருக்குப் போய் மேட்சை அலசும் அந்தப் பெரிய டிவி நிகழ்ச்சியை எந்த ஊர் மைதானத்திலிருந்து ஒளிபரப்பப் போகிறார்கள் என்பதுதான் ஊரெங்கும் பேச்சு. டிவிக்காரர்கள் வந்தால் தங்க ஊரில் இருப்பது ஒரே மோட்டல்தான்; அதை நடத்தும் வெர்னாவுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டது. முடிதிருத்தும் கிளீட்டஸ் நேரிலேயே வந்துவிட்டான்.

"அக்கா, அந்தச் சனிக்கிழமை ரூம் இருக்கா?"

"முப்பதும் போயாச்சு."

"யாரு எடுத்தா?"

"அது உனக்கெதுக்கு?"

"பாத்தியா, வாயத் தொறக்க மாட்டேங்கற! டிவிக்காரங்கதானே?"

"இல்லப்பா. பைபிள் மேல கை வச்சுச் சொல்லட்டுமா?"

"சத்தியம் பண்ற அளவுக்கு மறைக்கறியா? அப்போ உறுதிதான்!"

மாலைக்குள் அவன் கடையில் முடி வெட்டிக்கொண்ட தலைகளெல்லாம் செய்தியைச் சுமந்து போயின. வெர்னா அலுப்போடு நாற்காலியில் சாய்ந்தாள். அந்தச் சனிக்கிழமை வம்பில்லாமல் கழிந்தால் போதும் என்பதுதான் அவள் வேண்டுதல். அன்றைக்குத்தான் அவள் மகளுக்குக் கல்யாணம்.

மறுநாள் மாப்பிள்ளை கோல்பி போன் செய்தான்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. கல்யாணத்துக்காக ஒரு மேட்சை விட்டுத்தரேன்னு சொன்னேன், வாஸ்தவம்தான். ஆனா டிவி நிகழ்ச்சியே நம்மூருக்கு வருதாம். கல்யாணத்தை அடுத்த வாரம் வச்சுக்கலாமா?"

"வருதுன்னு யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது. உங்க மோட்டல்ல முப்பது ரூமும் போயிடுச்சாமே!"

வெர்னா கண்களை மூடிக்கொண்டாள்.

"போயிடுச்சுதான், மாப்பிள்ளை. உங்க சொந்தக்காரங்க வந்து தங்கறதுக்கு நான்தான் எடுத்து வச்சேன். கல்யாணப் பரிசு. அன்னிக்குச் சொல்லி அசத்தலாம்னு இருந்தேன்."

கோல்பி உடைந்த குரலில் கேட்டான்:

"அப்போ டிவி வரலையா, அத்தை?"