பச்சைப் புள்ளி

பச்சை எரிந்தது.

மவுஸின் மேல் அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

திரையின் மூலையில் மேகலாவின் படம். வாய்க்கால் கரையில், காற்றில் பறந்த முடியைக் காதோரம் ஒதுக்கும்போது அவன் எடுத்தது. படத்தின் ஓரத்தில் பச்சைப் புள்ளி. மேகலா இப்போது ஆன்லைனில் இருக்கிறாள் என்று அதற்குப் பொருள்.

மேகலா இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது.

அவள் கணக்கில் நுழைந்தவன் அவன்தான். அவள் கணவன். அவள் பாஸ்வேர்டோடு.

வேறு வழி தெரியவில்லை.

படமும் பேச்சும் பகிர்ந்துகொள்ளும் அந்தச் செயலி அவன் அலுவலகத்தில் உருவானது. ஒரு வருடமாக யாரும் திறக்காத கணக்குகளை இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அழிக்கிறார்கள். அழிக்கும் நிரலை எழுதியவனும் அவன்தான். குழுவில் அதற்குத் துடைப்பம் என்று பெயர்.

துடைப்பத்துக்கு முகம் தெரியாது. கடைசியாக எப்போது திறந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

இந்தக் கணக்கை விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆனால் ஒரு வரி கூடினாலும் குழுவில் இன்னொருவர் படித்துப் பார்த்துதான் அனுமதிப்பார். ஓரத்தில் கேள்வி எழுதுவார்.

யார் இது?

அதற்கு அவனால் பதில் எழுத முடியாது.

ஒரு முறை நுழைந்து உடனே வெளியேறிவிட்டால் போதும். துடைப்பம் அவளைத் தாண்டிப் போய்விடும். அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தான்.

புள்ளியை மறந்துவிட்டான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் செய்த முதல் காரியம் அந்தப் புள்ளி. திறந்தால் எரியும். ஐந்து நிமிடம் அசைவில்லை என்றால் அணைந்துவிடும். மேகலா அதை ஊரெல்லாம் சொன்னாள். வேலை நேரம் முழுக்க அவனுடைய பச்சை எரியும், அவளுக்குப் பதில் மட்டும் போகாது. "எரியறதுக்கு மட்டும் நேரம் இருக்குதுங்களா?" என்பாள்.

கோபியில் இருக்கும் அவள் அம்மாவுக்கு அதில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பச்சையைப் பார்க்காமல் மகளைக் கூப்பிட மாட்டார். தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாதாம். பச்சையைப் பார்த்துவிட்டால் உடனே அழைப்பு வரும்.

அத்தை இப்போது தனியாக இருப்பார். பக்கத்தில் போன் இருக்கும்.

ஒரு நொடி நம்பிவிடுவார்.

அடுத்த நொடி மறுபடியும் மகளை இழப்பார். இந்த முறை அவன் கையால்.

"வாய்யா." பக்கத்து மேசை பெனடிக்ட் எழுந்து நின்றான். "சாப்ட்டு வந்து துடைப்பத்தை எடுப்போம். கேன்டீன் சாம்பார்ல இன்னைக்கு முருங்கைக்காய் தட்டுப்படுதாம்."

"நீ போ. வர்றேன்."

தன் குரல் ஒழுங்காக வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெளியேறும் பொத்தானைத் தேடும்போது செய்திப் பெட்டி கண்ணில் பட்டது. திறக்காத செய்திகள். எல்லாம் அத்தையிடமிருந்து.

அம்மிணி, மேல்வீட்டுக்கு புதுசா குடி வந்திருக்காங்க.

அம்மிணி, இன்னைக்கு கொள்ளுப்பருப்பு.

அம்மிணி, நல்ல மழை.

இத்தனை நாளும் எழுதியிருக்கிறார். போனில் அவனிடம் பேசும்போதெல்லாம் சாப்பிட்டீர்களா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

துடைப்பம் இதையும் சேர்த்துத்தான் கூட்டியிருக்கும்.

பொத்தானுக்கு அம்பைக் கொண்டுபோனான். அழுத்துவதற்குள் பெட்டியின் அடியில் மூன்று புள்ளிகள் துள்ளின.

அத்தை எழுதுகிறார்.

நின்றன. மறுபடியும் துள்ளின. நின்றன.

அவனால் அழுத்த முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட இப்படி இருக்கவில்லை. அங்கே எல்லோரும் அழுதார்கள். காட்டிய இடத்தில் அவன் கையெழுத்துப் போட்டான், ஆம்புலன்ஸ்காரருக்கு வழி சொன்னான், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். அதற்குப் பிறகு எதுவும் அவனைத் தொடவில்லை. பயம்கூட.

இப்போது தொட்டது.

இப்போது வெளியேறினால் பச்சை அணையும். அத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே அணையும்.

செய்தி வந்து விழுந்தது.

மாப்ளைங்களா?

விசைப்பலகையின் மேல் விரல்களை வைத்தான். எதை எழுதினாலும் மேகலாவின் பெயரில் போகும். அவள் படத்தோடு போகும்.

விரல்களை எடுத்துவிட்டான்.

மூன்று புள்ளிகள். இந்த முறை நிற்காமல் துள்ளின. அத்தை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தான் அழுத்துவார்.

நீங்கதான்னு தெரியுதுங்க. ஒன்னும் எழுத வேண்டாம். பச்சை மட்டும் கொஞ்ச நேரம் எரியட்டுங்க.

சற்றுப் பொறுத்து இன்னொன்று.

நான் பார்த்துக்கிட்டு இருக்கறன்.

அவ்வளவுதான். அழைப்பு வரவில்லை. புள்ளிகளும் வரவில்லை.

அறை காலியாகிவிட்டது. யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனதில் அது இன்னும் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. கேன்டீன் பக்கமிருந்து தட்டுகளின் சத்தம்.

அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மேகலாவின் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அசையவில்லை.

ஐந்து நிமிடம் நினைவுக்கு வந்தது.

பதறி மவுஸைப் பிடித்தான். பச்சை இருந்தது.

மெல்ல அசைத்தான். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.