கடல்நாய்ப் பாறை

"அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. படகு பாறையில ஏறிடுச்சு. அடியில சுத்துற விசிறியும் சுக்கானும் போச்சு."

வெய்க்கோ இதைச் சொன்னபோது அவனுடைய அண்ணன் ஆர்னே மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தார். நடுவில் ஹில்க்கா, கையில் காபிக் கெட்டிலோடு.

"என்னங்க, தம்பி படகு பாறையில ஏறிடுச்சாம்."

"எனக்கு ஒண்ணும் காது செவிடாகல" என்றார் ஆர்னே. "எந்தப் பாறைன்னு கேளு."

"கடல்நாய்ப் பாறைன்னு சொல்லுங்க, அண்ணி."

"அதுவா? ஏழு வயசுலயே கண்ணை மூடிக்கிட்டுச் சுத்தி வருவான் அந்தப் பாறையை. அம்பத்தெட்டு வயசுல அதுல கொண்டுபோய் ஏத்தினானாமா?"

"வயசாச்சு, கண்ணு மங்குதுன்னு சொல்லுங்க. அதோட, அன்னைக்கு மூடுபனி."



பதினோரு வருடத்துக்கு முன்னால் அம்மாவை அடக்கம் செய்த நாளிலும் மூடுபனிதான். ஆறு மைல் தள்ளியிருந்த தீவிலிருந்து வெய்க்கோ வந்து சேர்ந்தபோது குழியை மூடியிருந்தார்கள். "உனக்கு மீன்தானே முக்கியம், அம்மா எதுக்கு?" என்று ஊரே நிற்கும்போது கேட்டார் ஆர்னே. வெய்க்கோ கையில் இருந்த பூங்கொத்தை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவன்தான். அப்புறம் இந்தக் கரையில் காலை வைக்கவில்லை. இன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர் படகில் கயிறு கட்டி, தன் பச்சைப் படகை அண்ணனுடைய படகுப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"உங்க தீவுக்குப் பக்கத்துலயே பெரிய பட்டறை இருக்கே, தம்பி?" ஹில்க்கா மெதுவாகக் கேட்டாள்.

"அங்க ஒரே கூட்டம், அண்ணி" என்றான் வெய்க்கோ, கடலைப் பார்த்தபடி.

அவள் மேலே கேட்கவில்லை. கேட்டால் திரும்பிப் போய்விடுவானோ என்று பயம். மீன் சீசன் தொடங்கினால் ஆர்னே தினமும் காலையில் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போவார். பறவை பார்க்கிறேன் என்பார். திரும்பி வந்து ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது, யாருக்கோ சொல்வதுபோல, "பச்சைப் படகு இன்னைக்கும் ஒதுங்கித்தான் போகுது" என்பார். பதினோரு வருடமாக அவளும் "ம்" கொட்டிக்கொண்டிருக்கிறாள்.

இழுவை இயந்திரம் முனகியது. பச்சைப் படகு நீர் சொட்டச் சொட்டத் தண்டவாளச் சரிவில் ஏறி வந்து நின்றது. விசிறியின் மூன்று இலைகளும் வாடின முட்டைக்கோஸ் மாதிரி மடங்கியிருந்தன. சுக்கான் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

ஆர்னே டார்ச்சை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் நுழைந்தார். வெளியே வர நேரமாயிற்று. அடிப்பக்கம் முழுதும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு இலையையும் கட்டைவிரலால் தடவினார். வெய்க்கோ தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றான்.

"எத்தனை நாள் ஆகும்னு கேளுங்க, அண்ணி."

ஆர்னே வெளியே வந்து கந்தைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூணு வாரம்."

"மூணு வாரமா!" ஹில்க்கா பதறிப்போனாள். "என்னங்க, அடுத்த வாரம் மீன் சீசன் ஆரம்பிக்குதே. தம்பி பொழைப்பு என்னாகிறது?"

வெய்க்கோ கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ, "சரின்னு சொல்லுங்க" என்றான்.

"இன்னொண்ணும் சொல்லு. இது ஒத்தை ஆள் வேலை இல்ல. விசிறியோட ஷாஃப்ட்டைக் கழட்டும்போது அந்தப் பக்கம் ஒருத்தன் பிடிக்கணும். எனக்கு வேற ஆள் கிடையாது."

"நான் பிடிக்கிறேன்னு சொல்லுங்க."

"தினமும் ஆறு மைல் வந்து போறதெல்லாம் நடக்காது. மாடி ரூம்ல அவன் கட்டில் அப்படியேதான் கிடக்குன்னு சொல்லு."

ஹில்க்கா வாயைத் திறந்தாள்.  ஆனால் சொல்லத் தேவை இருக்கவில்லை. வெய்க்கோ தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் படகிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தான். அவரை அனுப்பிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தான்.

"வெய்க்கோ!"

அவன் சட்டென்று நின்றான்.

"பாசி பிடிச்சிருக்கு. படி வழுக்கும்" என்றார் ஆர்னே. "போய் சவுனா அறையில நீராவிக்கு அடுப்பு மூட்டு. குளிச்சுட்டுச் சாப்பிடலாம்."

வெய்க்கோ திரும்பிப் பார்க்கவில்லை. "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினான்.

ஹில்க்கா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கெட்டிலில் காபி ஆறிப்போயிருந்தது.

"பாவம். அந்தப் பாறை அவ்வளவு மோசமாவா அடிச்சிருக்கு?"

ஆர்னே தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாறையில மோதினா படகு அடி கிழிஞ்சிருக்கும், ஹில்க்கா. இதுல ஒரு கீறல்கூட இல்ல. கரையில ஏத்தி வச்சு, சுத்தியலால அவனே அடிச்சு மடக்கியிருக்கான். ஒவ்வொரு இலையிலயும் வட்ட வட்டமா தழும்பு."

"அட கடவுளே! அப்போ இது மூணு வார வேலையா?"

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."