அறைந்த கை

சிரிப்பு நடிகர் சிங்காரவேலுவின் நூற்றாண்டு விழாவுக்கு, முப்பது படங்களில் அவரை அறைந்த துணை நடிகர் தேவசகாயத்தையும் ரசிகர் மன்றம் அழைத்திருந்தது. வசவு விழுமோ என்று பயந்து, வயதான அந்த மனிதர் அரங்கத்தின் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

“எங்க அண்ணனை என்னமா அறைஞ்சீங்க! வாங்க இப்படி,” என்று மன்றத் தலைவி பொற்கொடி அவரை மேடைக்கு இழுத்துப்போனாள்.

“அவர்தாம்மா படக் கம்பெனி ஒவ்வொண்ணுலயும் சொல்லுவார், ‘என்னை அடிக்க தேவசகாயம்தான் வரணும்’னு. அந்தக் கன்னத்தாலதான் எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுது. இன்னிக்கும் சாப்பாட்டு ஜெபத்துல அவர் பேர் உண்டு,” என்றார் தேவசகாயம்.

பொற்கொடி அறைந்த அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் பெருமையோடு வைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால், கன்னத்தை இப்போதே திருப்பிக்கொண்டு, வாசல்வரை ரசிகர் வரிசை நின்றது.