ஹால்வர்சனுக்கு எத்தனை சீட்டு?

அயோவாவின் அந்தப் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் அறுபத்தொரு பேர் கூடியிருந்தார்கள். கட்சியின் அதிபர் வேட்பாளராக யார் வேண்டும் என்று சீட்டில் எழுதிப் போட வந்தவர்கள்.

ஆளுநர் ஹால்வர்சனுக்காகப் பேச எழுந்த டெல்பர்ட்டுக்கு, வெளியே பனி கொட்டியும் வியர்த்தது. போன கோடையில் தன் வீட்டில் ஆளுநர் ஆப்பிள் பலகாரம் சாப்பிட்டபோது, அவருக்காகப் பேசுவதாக டெல்பர்ட் கொடுத்த வாக்கு இது. அதற்குப் பிறகு ஆளுநர் அடித்த பல்டிகள் கொஞ்சமல்ல. ஆனால் சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரில் பெயரெடுத்த டெல்பர்ட் எப்படிப் பின்வாங்குவது?

"வரியைக் குறைச்சவரு..." என்று ஆரம்பித்தார்.

"சோள மானியம்?" பின்வரிசையிலிருந்து மெர்ல் கத்தினான். "மார்ச்ல வேண்டாம்னாரு, இங்க வந்ததும் வேணுங்கிறாரு!"

"யோசிச்சு மாத்திக்கிட்டாருப்பா."

"துப்பாக்கிச் சட்டத்தையுமா? சாக்ஸ் மாத்துறதுக்குள்ள கொள்கையை மாத்திடுறாருய்யா!"

அரங்கமே சிரித்தது. மனைவி ஆர்லிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஒருத்தி போட்டாலே மானம் தப்பிவிடும் என்று டெல்பர்ட் நினைத்துக்கொண்டார்.

சீட்டுகளை எல்லார் முன்னாலும் எண்ணினார்கள். கூட்டத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஹால்வர்சனுக்கு... ஒண்ணுகூட இல்ல."

டெல்பர்ட்டுக்கு ரத்தம் கொதித்தது. "ஆர்லிஸ், நீ கூடவா போடல? ஊர் முன்னாடி என்னை இப்படித் தலைகுனிய வச்சிட்டியே!"

மீதி ஐம்பத்தொன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் போடலதான்," என்றாள் ஆர்லிஸ் நிதானமாக. "நீங்க போட்ட சீட்டு எங்கேங்க?"