இரண்டு ரிமோட், ஒரு விமானம்

இரண்டு ரிமோட்டையும் இணைக்கும் ஒயரைத் தம்பி செருகிச் செருகிப் பார்த்தான். போகவில்லை.

"குடு இப்படி. நாள் பூரா ஊசியில நூல் கோக்குறவ நான்," என்று பிடுங்கி ஒரே அழுத்தில் செருகினேன். வழக்கமாக இதற்கே ஒரு சண்டை வந்திருக்கும். இன்று விட்டுக்கொடுத்துவிட்டான்.

ஏற்பாடு எளிதுதான். அவன் ரிமோட்டில் ஒரு சுவிட்ச் உண்டு. அதை அவன் அழுத்திப் பிடித்திருக்கும்வரை, அவன் கையால் செய்த அந்தக் குட்டி விமானம் என் சொல்லைக் கேட்கும். விட்டால் அந்த நொடியே அவன் கைக்குப் போய்விடும். நான் தடுமாறினால் விட்டுக் காப்பாற்றிவிடுவான். அந்தத் தைரியத்தில்தான் ஐம்பது வயதுத் தையல்காரி நான் வானத்தில் வட்டம் போடத் துணிந்தேன்.

கிளப்பவும் திருப்பவும் கற்றுக்கொண்டுவிட்டேன். இறக்குவது மட்டும் அவன் வேலை. தரை நெருங்கினால் கோணலாக ஓட்டிவிட்டுக் காற்றைக் குறை சொல்வேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்தபடி அவன் சுவிட்சை விட்டுவிடுவான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. அவனும் அறையைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை.

"இன்னிக்கு நீதான் இறக்கணும். ஒடைச்சேன்னா இனிமே வேற செஞ்சு தர மாட்டேன், பாத்துக்க," என்றான் இன்று.

மஞ்சள் இறக்கை வைத்த அந்த விமானத்தைச் சீவிச் சீவி ஒட்ட அவனுக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படித் தடவிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அதைப் போய் என்னிடம் விடுகிறானே, படுபாவி!

கிளப்பினேன். ஏறியது.

என்ன செய்கிறேனோ அதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னான். இதென்ன புதுப் பாடம் என்று எரிச்சல் வந்தாலும் சொன்னேன். இடது பக்கம் திருப்புகிறேன், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிறேன் என்று. அவன் தலையைச் சாய்த்து மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

மைதானத்தின் அந்தக் கோடியில் கடைசித் திருப்பம். மோட்டாரை அணைத்தேன். சத்தம் நின்றது. பயத்தில் வாய்விட்டுச் சொல்லவும் மறந்துபோனேன்.

விமானம் காற்றில் வழுக்கிக்கொண்டு வந்தது. திடீரென்று ஒரு இறக்கை சாய்ந்தது.

விட்டுத் தொலையேன்டா சுவிட்சை என்று மனசுக்குள் கத்தினேன். அவன் விடவில்லை. கல்நெஞ்சுக்காரன்.

நானே நிமிர்த்தினேன். சக்கரம் புல்லைத் தொட்டது. ஒரு சின்னத் துள்ளல். சத்தமில்லாமல் ஓடி வந்து எங்கள் முன்னால் பத்தடியில் நின்றது. ஒரு கீறல் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவனைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் திரும்பினேன்.

தம்பி இன்னும் அந்தக் கோடி வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. சுவிட்சை அழுத்திய விரல் வெளுத்துப் போயிருந்தது.

"எங்க இருக்குக்கா? இறங்கிடுச்சா?"